ஓம்பலும் விடுத்தலும்: ஆஸ்திரேலியச் சிற்றுயிர்களும் நம் சொற்களும்



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன் விலங்குப் பேணலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் விலங்கு மருத்துவனும் அல்லன். விலங்கியல் அறிஞனும் அல்லன். ஆயினும், உரிய செய்தி உரிய மொழியில் கிடைக்காமையால் ஓர் உயிர் போவதை ஒருமுறை அருகிலிருந்து கண்டேன். அதன்பின் சில சொற்களை நான் முன்போல எளிதாகப் பயன்படுத்த முடியவில்லை. அந்தச் சொற்களைப் பற்றியும் அவ்வுயிர்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் மகள் சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாழ்கிறாள். அடிபட்ட, தாயை இழந்த காட்டுயிர்களைத் தன் வீட்டில் வைத்துப் பேணி மீண்டும் காட்டில் விடும் தொண்டர்களுள் அவளும் ஒருத்தி. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதனை எவரும் தம் விருப்பப்படி செய்துவிட இயலாது. 2016ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைப் பாதுகாப்புச் சட்டம் மண்ணின் விலங்குகளைக் காக்கிறது. பயிற்சி பெற்று, உரிமம் உள்ள ஓர் அமைப்பில் உறுப்பினராக இருப்போரே அவற்றைத் தற்காலிகமாக வீட்டில் வைத்திருக்கலாம். ஊதியம் இல்லை. பாலுக்கும் துணிக்கும் கூண்டுக்கும் ஆகும் செலவில் பெரும்பகுதி தொண்டர்களின் கையிலிருந்தே போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்குத் தங்கியிருந்தபோது, ஒருநாள் மாலை, பக்கத்துத் தெருவில் வாழும் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் காலணிப் பெட்டி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே, பழைய பருத்திச் சேலையின் கிழிசலில், உள்ளங்கை அளவே ஆன ஓர் உயிர் சுருண்டு கிடந்தது. வால் நுனி மட்டும் வெண்மை. "பிள்ளை, ரெண்டு நாளாப் பால் குடுத்தனான். நல்லாத்தான் குடிச்சது. இண்டைக்குத்தான் சோர்ந்து போச்சுது" என்றார். பசும்பாலில் சிறிது சர்க்கரையும் கலந்திருந்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியோடு மருத்துவரிடம் விரைந்தாள். விடியுமுன் அது இறந்துவிட்டது. செய்தி கேட்ட மூதாட்டி, "நான் என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டார்.

அந்த வினாவிற்கு விடை சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பைக்குள் ஒரு வாழ்வு

அது வளையவால் பொசம் என்னும் விலங்கின் குட்டி. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை நெடுகிலும் தாஸ்மேனியாவிலும் வாழ்வது. வளர்ந்தாலும் ஒரு கிலோவை ஒட்டிய எடையே இருக்கும். இரவில் உலவி இலையும் பூவும் தின்னும். வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பகலில், மரப்பட்டையும் சுள்ளியும் கொண்டு தானே கட்டிய உருண்டைக் கூட்டில் உறங்கும். தாய் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். தந்தையும் குட்டிகளைச் சுமக்கும்.

கங்காருவைப் போலவே இதுவும் பையுடைப் பாலூட்டி. நம் குழந்தைகள் கருவறையில் கழிக்கும் காலத்தின் பெரும்பகுதியை, இவ்வினத்துக் குட்டிகள் தாயின் வயிற்றுப் பைக்குள் கழிக்கின்றன. இதன் உறவினமான குஞ்சவால் பொசம் கருவுற்ற பதினேழு, பதினெட்டு நாள்களில் ஈனுகிறது. பிறக்கும் குட்டியின் எடை ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பருப்பு அளவு கூட இராது. கண் திறவாத அவ்வுயிர் முன்னங்கால்களால் தாயின் மயிரைப் பற்றி ஊர்ந்து, பையை அடைந்து, ஒரு முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் விரிந்து இறுகிவிடும். அன்று தொடங்கிப் பல வாரங்கள் அது காம்பை விடுவதே இல்லை.

பேணலின் முதல் விதி இவ்வுண்மையிலிருந்து பிறக்கிறது. சாலையில் வண்டி மோதி ஒரு தாய் இறந்து கிடந்தால், அதன் பையைப் பார்க்க வேண்டும். உள்ளே உயிருள்ள குட்டி இருக்கக்கூடும். ஆனால் காம்பைக் கவ்வியிருக்கும் குட்டியைப் பிடித்து இழுக்கலாகாது; இழுத்தால் அதன் வாயும் தாடையும் சிதையும். இறந்த தாயோடு சேர்த்தே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது விதி, முதலில் சூடு, பிறகே உணவு என்பது. மயிர் முளைக்காத குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. ஆதலால் பேணுவோர் பருத்தித் துணியில் பை தைத்து, அதனுள் குட்டியை வைத்து, 32 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் இருட்டிலும் அமைதியிலும் விடுகின்றனர். மயிர் முளைத்த பின் 28 பாகை அளவு போதும். பையின் உட்புறத்தில் பிரிந்த நூல் இருத்தல் கூடாது. நூல் அந்த நுண்ணிய விரல்களில் சுற்றிக்கொண்டால் விரலே போய்விடும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு உணவு புகட்டினால் அது செரிக்காது. உயிருக்கே ஊறு நேரும்.

மூன்றாவது விதி பாலைப் பற்றியது. மூதாட்டியின் வினாவிற்கு முதன்மையான விடை இங்கே உள்ளது. பசும்பாலில் மிகுதியாக உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பையுடைப் பாலூட்டிகளின் குட்டிகளால் சரிவரச் செரிக்க இயலாது. வயிற்றுப்போக்கு வரும், உடல் நீர் வற்றும். கங்காருக் குட்டிகளுக்குக் கண்புரையும் வரும். மேலும், பையுடைப் பாலூட்டியின் பால் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே பால் அன்று. குட்டி சிறிதாக இருக்கையில் அது நீர்த்திருக்கும். குட்டி வளர வளரக் கொழுப்பு மிகும். இரு வேறு பருவக் குட்டிகளை ஒரே காலத்தில் வைத்திருக்கும் கங்காருத் தாய், ஒரு காம்பில் ஒருவகைப் பாலும் மற்றொன்றில் வேறுவகைப் பாலுமாகச் சுரக்கிறது. அதனால்தான் ஆஸ்திரேலியாவில் இவ்வுயிர்களுக்கெனப் பருவந்தோறும் வேறுபடும் பால்மாவைத் தனியாக ஆக்கி விற்கின்றனர். எப்பருவத்துக் குட்டிக்கு எப்பால், எத்தனை மில்லிலிட்டர் என்பதை எடை பார்த்தும் அளவு பார்த்தும் முடிவு செய்கின்றனர். என் மகளின் குறிப்பேட்டில் ஒவ்வொரு குட்டிக்கும் நாள்தோறும் எடை எழுதப்பட்டிருக்கும்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். பாலூட்டிய பின் ஈரப் பஞ்சால் கழிவுத்துளையை மெல்லத் தடவினால்தான் சிறு குட்டி கழிக்கும். தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை அது. வளையவால் பொசத்திற்கு வேறொரு தேவையும் உண்டு. யூக்கலிப்டஸ் இலையில் நஞ்சும் துவர்ப்பும் மிகுதி. அதனைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் இவ்விலங்கின் குருட்டுக்குடலில் வாழ்கின்றன. அங்கிருந்து வெளிவரும் மென்கழிவை அது மீண்டும் உண்டு, சத்தை முழுவதும் பெறுகிறது. பால்குடி மறக்கும் பருவத்தில் குட்டி இந்நுண்ணுயிர்களைத் தாயின் மென்கழிவிலிருந்தே பெறும். தாயில்லாத குட்டிக்கு, நலமாக உள்ள மற்றொரு பொசத்தின் கழிவைப் பேணுவோர் தேடிக் கொடுக்கின்றனர். மாணவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அன்பு எல்லா வேளையிலும் மணக்காது!

சொல் செய்யும் பிழைகள்

இவ்வளவும் ஆங்கிலத்தில் அழகாக அச்சிட்டுத் தரப்படுகின்றன. மூதாட்டி வாழும் தெருவில் அவை தமிழில் இல்லை. "அப்பா, ஒரு துண்டறிக்கை எழுதித் தாருங்கள்" என்று மகள் கேட்டாள். நாற்பது ஆண்டுகள் மொழி கற்பித்தவனுக்கு இரண்டு பக்கம் எழுதுவது ஒரு மாலை வேலை என்று எண்ணினேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் இடர், விலங்கின் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல் அது. ஆங்கிலேயர் 1770இல் ஆஸ்திரேலியக் கரையில் இறங்கியபோது, அமெரிக்க விலங்கின் பெயரை இங்குள்ளதற்கும் இட்டனர். அப்பெயரில் உள்ள முதல் உயிரொலியைத் தமிழகத்தார் ஆகாரமாக எழுதுவர்; ஈழத்தார் ஒகரமாக எழுதுவர். 'காலேஜ்', 'கொலேஜ்' என்னும் இரு வடிவங்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். தமிழக வழக்கின்படி எழுதினால் இவ்விலங்கு 'பாசம்' ஆகிவிடுகிறது. "பாசத்தைத் தொடாதீர்கள்" என்று துண்டறிக்கை எழுத முடியுமா? ஈழத்தார் மிகுந்து வாழும் பகுதி அது. அவர்தம் வழக்கையே பின்பற்றிப் 'பொசம்' என்று எழுதினேன். ஆயினும் அந்த ஒலியொப்புமை என்னை விடவில்லை. பாசம் என்பது அன்பு. பாசம் என்பது கயிறும் ஆகும். சைவ சித்தாந்தம் உயிரைப் பிணிக்கும் தளையை அச்சொல்லால்தான் குறிக்கிறது. பொசத்தைப் பேணுவோர்க்கு எதிர்ப்படும் சிக்கலும் இந்த இரு பொருளுக்கும் இடையில்தான் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இரண்டாவது இடர் பாண்டிகூட் என்னும் விலங்கால் வந்தது. நீண்ட மூக்கால் மண்ணைத் துழாவிப் புழுவும் பூச்சியும் தின்னும் சிறு பையுடைப் பாலூட்டி அது. அதன் கருக்காலம் பன்னிரண்டரை நாள். மண் தோண்டும்போது உள்ளே அழுக்குப் புகாதபடி அதன் பை பின்புறமாகத் திறந்திருக்கும். இப்பெயரின் பிறப்பு நமக்கு நெருக்கமானது. தெலுங்கில் 'பந்திகொக்கு' என்றால் பன்றியெலி; நாம் பெருச்சாளி என்போம். தெலுங்கின் 'பந்தி'யும் தமிழின் 'பன்றி'யும் ஒருவேர்ச் சொற்கள். இந்தியாவில் இச்சொல்லைக் கற்ற ஆங்கிலேயர், ஆஸ்திரேலியாவில் ஓரளவு ஒத்த உருவத்தைக் கண்டதும் அதே பெயரை அதற்கும் சூட்டிவிட்டனர். ஒரு திராவிடச் சொல் கடல் கடந்து, தனக்கு உறவில்லாத விலங்கின்மேல் போய் அமர்ந்தது.

அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் பாண்டிகூட்டைப் 'பெருச்சாளி' என்று எழுதிவிடுவார். அகராதிப்படி அது பிழையன்று. ஆனால் விளைவு என்ன? பெருச்சாளிக்கு நாம் செய்வது பொறியும் நஞ்சும் வைத்தல்தானே! சிட்னித் துறைமுகத்தின் வடதலை முனையில் வாழும் நீள்மூக்குப் பாண்டிகூட் கூட்டம் அழிவின் விளிம்பில் உள்ளதெனச் சட்டமே அறிவித்திருக்கிறது. ஒரு சொல்லைப் பொருத்தமின்றிப் பெயர்த்தால் அது தோட்டத்தில் நஞ்சாகிவிடும். துண்டறிக்கையில் 'பாண்டிகூட்' என்றே எழுதி, "இது எலியன்று" என்று அடுத்த சொற்றொடரிலேயே சேர்த்தேன்.

கங்காரு என்னும் சொல்லைப் பற்றி ஒரு கதை பரவலாக உண்டு. உங்கள் வகுப்பறைகளிலும் சொல்லியிருப்பீர்கள். "இது என்ன?" என்று வந்தவர்கள் கேட்க, "தெரியாது" என்று பழங்குடியினர் தம் மொழியில் சொன்னதே பெயராகிவிட்டது என்பது அக்கதை. அது பொய். குக் தலைமையில் வந்தோர் 1770இல் எண்டேவர் ஆற்றங்கரையில் கூகு யிமிதிர் மொழி பேசுவோரிடம் கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. ஜான் ஹாவிலண்ட் என்னும் மொழியியலாளர் 1970களில் அம்மக்களிடையே தங்கி ஆராய்ந்து, 'கங்குரு' என்பது அங்குள்ள ஒருவகைப் பெரிய கங்காருவின் பெயரே என்று உறுதிப்படுத்தினார். மண்ணின் மக்கள் தெரியாது என்று சொல்லவில்லை. ஒவ்வோர் இனத்திற்கும் தனிப்பெயர் வைத்திருந்தனர். வந்தவர்கள்தாம் ஒன்றின் பெயரைப் பலவற்றிற்கும் பொதுவாக்கினர்.

பெயர் பிரித்து வைப்பதில் நம் மொழியும் குறைந்ததன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாகத் தொகுத்துக் கூறி, எது எவ்வுயிர்க்கு உரியது என்று வரையறுக்கிறது. மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய சிற்றுயிர்கள் நான்கிற்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்கி, அவற்றைப் பறழ் என்றும் சொல்லலாம் என்கிறது. பொசத்தின் இளமைக்கு ஒரு சொல் தேடியபோது இவ்விலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. கன்று என்றோ குழவி என்றோ எழுதாமல் 'குட்டி' என்று எழுதினேன். 'பறழ்' இன்னும் அழகாயிருக்கும். ஆனால் துண்டறிக்கை புலவர்களுக்காக எழுதப்படுவதன்று.

வளர்ப்பா, ஓம்பலா?

மூன்றாவது இடரே பெரிது. இவ்வேலைக்கு என்ன பெயர்? முதல் வரைவில் 'வளர்ப்பு' என்று எழுதியிருந்தேன். மகள் படித்துவிட்டு, "நாங்கள் வளர்ப்பதில்லை அப்பா" என்றாள்.

அவள் சொன்னது சரி. தமிழில் வளர்ப்பு என்னும் சொல் உறவை ஏற்படுத்திவிடுகிறது. வளர்ப்பு மகன், வளர்ப்பு நாய், வளர்த்த கடா என எங்கும் வளர்த்தவர்க்கு ஓர் உரிமை ஒட்டிக்கொண்டே வருகிறது. 'செல்லப்பிராணி' என்பதோ இன்னும் தொலைவு போய்விடும். மகளின் வீட்டில் நான் கண்டது இவற்றுள் எதுவும் அன்று. குட்டிக்கு அவள் பெயர் வைப்பதில்லை, எண்தான். விருந்தினர்க்கு எடுத்துக் காட்டுவதில்லை. படம் பிடித்து உலகிற்குக் காட்டுவதில்லை. பாலூட்டும் நேரம் போக அதனைத் தொடுவதில்லை, பேசுவதும் இல்லை. அவர்கள் வீட்டு நாய் அந்த அறைப்பக்கமே வருவதற்கில்லை. நாயைக் கண்டு அஞ்சாத பொசம் வெளியே ஒருவாரம் கூடப் பிழைக்காது. முதலில் எனக்கு இது கல்மனமாகத் தோன்றியது. பிறகுதான் விளங்கிற்று: அதற்கு மனிதரைப் பற்றிய அச்சம் ஓர் உறுப்பைப் போன்றது, அதனை நாம் அறுத்துவிடலாகாது.

குட்டி சற்று வளர்ந்ததும் அதே இனத்துக் குட்டிகளோடு சேர்த்துவிடுகின்றனர். வளையவால் பொசம் கூடி வாழும் உயிர். தனியாக வளர்ந்தது மனிதரையே தன் இனமாகக் கருதிவிடும். பால் குறையக் குறைய, மாலைதோறும் புதிதாகப் பறித்த யூக்கலிப்டஸ், கிரெவிலியா, லில்லி பில்லி ஆகியவற்றின் கிளைகளைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுகின்றனர். தட்டில் வைத்த பழத்தைத் தின்னப் பழகிய பொசம், காட்டில் தட்டைத் தேடும். பிறகு வெளிக்கூண்டு, அங்கே வெயிலும் மழையும் காற்றும் உண்டு. அதில் மரப்பட்டையும் சுள்ளியும் போட்டு வைத்து, அவை தாமே கூடு கட்டுகின்றனவா என்று பார்க்கின்றனர். கிளைவிட்டுக் கிளை தாவுதல், இலையைத் தேர்ந்து உண்ணுதல், கூடு கட்டுதல், ஆள் அரவம் கேட்டால் ஒளிதல் ஆகியன தேர்வுப் பாடங்கள். தேறினால் மருத்துவர் பார்த்து ஒப்புவார். தேறாவிடில் காத்திருக்க வேண்டும்.

விடுத்தலும் ஒருநாள் வேலை அன்று. விடப்போகும் இடத்து மரத்தில் கூட்டுப் பெட்டியைக் கட்டுவர், அல்லது சிறு கூண்டொன்றை அங்கேயே நிறுத்திச் சில நாள் தங்கவைப்பர். அவ்விடத்தின் மணமும் ஒலியும் பழகிய பின், பெருமழையோ கடும் வெயிலோ இல்லாத ஒரு நாளின் அந்தியில் கதவைத் திறப்பர். அதன்பின்னும் சில இரவுகள் இலைக்கொத்து வைத்து, அதனை மெல்லக் குறைத்துக்கொண்டே வருவர்.

இவ்வளவு செய்தும் அவை பிழைக்குமா? உண்மையைச் சொல்ல வேண்டும். சிட்னியை அடுத்த காட்டுப்பகுதிகளில் விடப்பட்ட வளையவால் பொசங்களை, வானொலி அலை அனுப்பும் கழுத்துப்பட்டி கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1996இல் வெளிவந்தது. இறப்புகளுக்குத் தலையாய காரணம் நரியும் பூனையும் என்று அது கண்டது. இவ்விரண்டும் ஆஸ்திரேலிய மண்ணுக்கு உரியன அல்ல. பூனை குடியேறியோருடன் வந்தது. நரியை 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்கெனக் கொண்டுவந்து விட்டனர். அவற்றோடு சேர்ந்து வாழ்ந்து கற்க மண்ணின் சிற்றுயிர்களுக்குக் காலம் போதவில்லை. பூனையின் பல் சற்றே பட்டாலும், வாயிலுள்ள கிருமி குருதியில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். காயம் கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும். ஆகவே பூனை கவ்விய எவ்வுயிரையும் உடனே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் இம்முயற்சி வீண் அல்லவா என்று சிலர் கேட்பர். வளையவால் பொசம் அருகிவரும் இனமும் அன்று. ஒன்று குறைந்தால் என்ன என்பர். நானும் கேட்டேன். மகள் இவ்வாறு விடையிறுத்தாள்: "இங்கு வரும் குட்டிகளில் பெரும்பாலானவற்றை இந்நிலைக்கு ஆளாக்கியவை எங்கள் வண்டி, எங்கள் வேலி, எங்கள் பூனை. காடு தானே செய்ததை நாங்கள் திருத்தப் போவதில்லை. நாங்கள் செய்ததற்கு ஈடு செய்கிறோம்." அந்த ஆய்வுகளைக் கண்டு பேணுவோர் மனம் தளரவில்லை, விடும் முறையைத்தான் திருத்திக்கொண்டனர். தனியாக விடுவதை விட்டுக் கூட்டமாக விடத் தொடங்கினர். நரி மிகுந்த இடங்களைத் தவிர்க்கின்றனர்.

இடம் என்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இன்னொரு சான்று. குஞ்சவால் பொசம் வீட்டுக் கூரைக்குள் புகுந்து தொல்லை தருவதுண்டு. அதனைப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விட்டுவிடுவதே இரக்கம் என்று நாம் நினைப்போம். நியூ சவுத் வேல்ஸ் விதியோ, பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள்தான் விட வேண்டும் என்கிறது. காடு எங்கும் ஏற்கெனவே மற்றப் பொசங்களின் எல்லைக்குள் அடங்கியது; புதிதாய் வந்ததற்கு அங்கே பொந்தும் இல்லை, இரையும் இல்லை. இதே விலங்கை 1837இல் மயிர்த்தோல் வணிகத்திற்காக நியூசிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கே அது பறவை முட்டைகளையும் காட்டையும் அழிக்கும் பகையாகிவிட்டது. 2050ஆம் ஆண்டுக்குள் அதனை முற்றிலும் ஒழிப்பதென அந்நாடு குறிக்கோள் வைத்திருக்கிறது. உயிர் ஒன்றே, இடம் மாறினால் அறமும் மாறுகிறது.

இவற்றையெல்லாம் கண்டபின் 'வளர்ப்பு' என்பதை அடித்துவிட்டு 'ஓம்பல்' என்று எழுதினேன். இச்சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் விருந்தோம்பல் என்னும் தொடர். ஓம்பும் வீட்டுக்காரர் விருந்தினரைத் தமக்கு உரியவராக ஆக்கிக்கொள்வதில்லை. தமக்குப் பிடித்ததைக் கொடாமல் வந்தவர்க்கு வேண்டியதைக் கொடுப்பார். புறப்படும்போது தடுக்கவும் மாட்டார். வள்ளுவர் விருந்தைச் செல்விருந்து என்றும் வருவிருந்து என்றும் பிரித்துச் சொல்கிறார். செல்வது விருந்தின் இயல்பு. ஓம்பலின் நிறைவு வழியனுப்புதலில் இருக்கிறது.

மூதாட்டியின் வினாவிற்கு இப்போது முழு விடை சொல்லலாம். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பேகனைப் பாடிய பரணர் கொடைமடம் என்றொரு சொல்லை ஆள்கிறார். அக்கொடை மனத்தின் பெருமையைக் காட்டுகிறது. மயிலுக்கு அது பயன்பட்டதா என்னும் வினாவையும் அச்சொல் உள்ளடக்கியிருக்கிறது. மூதாட்டி கொடுத்த பால் அத்தகையது. அவர் பிழை எதுவும் விடவில்லை. தம்மிடம் இருந்ததிலேயே சிறந்ததைக் கொடுத்தார். அவர்க்குச் சேர வேண்டிய அறிவு அவர் மொழியில் அவரிடம் வந்து சேரவில்லை. அது நம் போன்றோர் விட்ட பிழை.

நமக்கு என்ன?

நம் சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் பையுடைப் பாலூட்டிகள் இயற்கையாக இல்லை. கிழக்கே சுலாவெசித் தீவை எட்டினால்தான் கஸ்கஸ் என்னும் பொசத்தின் உறவினத்தைக் காணலாம். ஆயினும் சுகர் கிளைடர் என்னும் சிறு பறக்கும் பொசத்தைக் கைப்பேசித் திரையில் மாணவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பைக்குள் உறங்கும் செல்லமாக அதனைக் காட்டுகிறார்கள். சிங்கப்பூரில் அதனை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. கூட்டமாக வாழ்ந்து, இரவெல்லாம் மரம் விட்டு மரம் மிதந்து, பிசினும் பூந்தேனும் தேடும் உயிர்க்குச் சட்டைப் பை எவ்வகையில் வீடாகும்?

விடுத்தல் என்னும் சொல்லையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விசாக நாளை ஒட்டி, அருள் கருதி ஆமையையும் மீனையும் பறவையையும் வாங்கி நீர்நிலைகளிலும் காட்டிலும் விடுவோர் இங்கு உண்டு. அவ்வாறு விடவேண்டா என்று தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறது; இசைவின்றி விடுவது குற்றமும் ஆகும். விடப்பட்டவற்றுள் பல விரைவில் மடிகின்றன. பிழைத்தவை இம்மண்ணின் உயிர்களுக்கு இடையூறாகின்றன. ஒரு கதவைத் திறந்துவிடுவது மட்டும் விடுத்தல் ஆகாது. கதவுக்கு அப்பால் வாழும் ஆற்றலைக் கொடுத்த பிறகே அச்சொல்லுக்குத் தகுதி உண்டாகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அறிவியல் தமிழ் என்றால் கலைச்சொல் பட்டியல் என்று எண்ணிவிடுகிறோம். 'லாக்டோஸ்' என்பதற்கு நல்ல தமிழ் எது என்று ஒரு மணி நேரம் வாதிடுவோம். "பசும்பால் கொடுக்காதீர்கள்" என்னும் இரண்டு சொல்லை எழுத மறந்துவிடுவோம். உங்கள் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். காயமுற்ற பறவையோ சிறு விலங்கோ கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை, தம் பாட்டி படித்து உடனே செய்யத்தக்க தமிழில், பத்து வரிக்குள் எழுதச் சொல்லுங்கள். செய்தியைச் சரிபார்க்க அறிவியல் ஆசிரியரை நாடட்டும். எந்தச் சொல் தவறான செயலைத் தூண்டும் என்று வகுப்பில் ஆராயட்டும். இலக்கணம் ஏன் வேண்டும் என்று அதன்பின் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

என் துண்டறிக்கை இறுதியில் ஒரே பக்கமாகச் சுருங்கியது. பெரிய எழுத்தில் உள்ள வரிகள் இவை: "பாலோ உணவோ கொடுக்காதீர்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். இருட்டாகவும் இளஞ்சூடாகவும் இருக்கட்டும். குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் காட்டாதீர்கள். உடனே அழையுங்கள்." அடியில் தொலைபேசி எண்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய வாரம் மகள் மூன்று வளையவால் பொசங்களை விடுத்தாள். மூதாட்டியையும் அழைத்திருந்தாள். அந்தி மங்கியதும் மரத்திலிருந்த பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு, தொலைவில் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வெண்ணிற வால்நுனி மட்டும் கிளையோரமாக நகர்வது தெரிந்தது, அடுத்து மற்றொன்று. மூன்றாவது வெளிவரவில்லை, நாங்கள் திரும்பிவிட்டோம். மறுநாள் காலை பெட்டி வெறுமையாக இருந்தது. சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் பேசியபோது, அம்மரத்துக்கு அருகே புதிய கூடொன்று இருப்பதாக மகள் சொன்னாள். யார் கட்டியது என்று கேட்டேன். "தெரியாது அப்பா, தெரியக்கூடாது" என்றாள். துண்டறிக்கை மூதாட்டி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறதாம். தெருவில் எவர் எதைக் கண்டெடுத்தாலும் முதலில் அவரைத்தான் கேட்கிறார்களாம்.